கடைசி ஸ்பிரிங்க்ளரிலிருந்து சம்ப் வரை: தீயணைப்புத் தண்ணீரைக் கணக்கிடுவது எப்படி?

2019 ஜூன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வற்றிக் கிடந்த நேரம். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஸ்பிரிங்க்ளர் அமைப்பை, அதாவது தீயின் சூட்டில் தானாகத் திறந்து கூரையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் அமைப்பை, பரிசோதிக்கப் போயிருந்தேன். பம்ப் அறை பளிச்சென்று இருந்தது. குழாய்களுக்குப் புதிதாகச் சிவப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். பிரஷர் கேஜில் முள் 7 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நின்றது. அப்புறம் சம்ப் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். பழைய நீர்மட்டத்தின் கறை சுவரில் என் தலைக்கு மேலே தெரிந்தது. மூலையில் ஒரு சின்ன சப்மெர்சிபிள் மோட்டார், அதிலிருந்து ஒரு பச்சை ஹோஸ் வெளியே ஏறிக் கழிப்பறைத் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

பராமரிப்பாளர் எதையும் மறைக்கவில்லை. "லாரி வர மூணு நாள் ஆகுது சார். மேல ஐநூறு பேர் வேலை பார்க்கிறாங்க. நான் என்ன பண்றது?" என்றார். அவர் நிலையில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அந்தத் தண்ணீரைச் சுலபமாக எடுக்க முடிகிற மாதிரி தொட்டியை அமைத்தவர்கள் எங்களைப் போன்ற வடிவமைப்பாளர்கள். கேஜ் 7 பார் காட்டியதிலும் பொய் இல்லை. வால்வுகள் மூடிய குழாயில் அடைபட்ட தண்ணீர் அழுத்தத்தைக் காட்டத்தான் செய்யும். சம்பில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று அந்த முள்ளுக்குத் தெரியாது.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்பிரிங்க்ளர் தலைகளை வரைபடத்தில் புள்ளி வைப்பதில் தொடங்குகிறார்கள். தண்ணீர் பக்கத்தை "பம்ப் கம்பெனிக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். ஒரு கணக்கைத் தொடக்கம் முதல் முடிவு வரை சேர்ந்து போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்குத் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள்: தரைத்தளமும் நான்கு மாடிகளும், அடியில் கார் நிறுத்துமிடம், பம்ப் அறையிலிருந்து மேல்மாடி ஸ்பிரிங்க்ளர் வரை 20 மீட்டர் உயரம். தி. நகரைச் சும்மா சொல்லவில்லை. 2017 மே 31 அன்று அங்கே ஒரு பல மாடி ஜவுளிக்கடை தீப்பிடித்து, ஒரு நாளுக்கு மேல் எரிந்து, ஒரு பகுதி இடிந்தே விழுந்தது. துணி அடுக்கிய கட்டடத்தில் தீ எப்படிப் பரவும் என்பதை இந்த ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது.

முதலில் எந்த விதிநூல் என்று முடிவு செய்யுங்கள்

இந்தியாவில் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி தீப் பாதுகாப்புக்கானது. கட்டடத்தின் பயன்பாடும் உயரமும் சொன்னால், குறைந்தபட்சம் எவ்வளவு கொள்ளளவில் சம்ப், மொட்டைமாடித் தொட்டி, எத்தனை பம்ப் என்று அதிலுள்ள அட்டவணை சொல்லிவிடும். ஸ்பிரிங்க்ளருக்கென்று தனியாக ஐ.எஸ். 15105 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனமோ வெளிநாட்டு வாடகைதாரரோ கேட்டால் அமெரிக்காவின் ஸ்பிரிங்க்ளர் விதிநூலான என்.எஃப்.பி.ஏ. 13 வரும். தமிழ்நாட்டில் 18.30 மீட்டருக்கு மேல் போனால் கட்டடம் உயரமான கட்டடம் என்ற வகைக்குள் போய்விடும், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் பார்வையும் அதற்கேற்பக் கடுமையாகும்.

இந்த நூல்களின் எண்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஒன்றிலிருந்து நீர் அளவையும் இன்னொன்றிலிருந்து பரப்பையும் எடுத்துக் குறைந்த செலவுக்கு ஒரு கலவை போடுவதைப் பல கோப்புகளில் பார்க்கிறேன். அது எந்த விதிக்கும் உட்படாத கட்டடம். ஒரு நூலை எடுத்தால் கடைசி வரை அதிலேயே நில்லுங்கள். கணக்கில் வரும் எண், தேசிய விதித்தொகுப்பின் அட்டவணை எண் இரண்டில் எது பெரியதோ அதைக் கட்டுங்கள். இங்கே நான் என்.எஃப்.பி.ஏ. 13-ஐ வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

உள்ளே என்ன எரியும்?

அலுவலகம், மருத்துவமனை வார்டு, உணவகத்தில் சாப்பிடும் கூடம் போன்றவை குறைந்த ஆபத்து வகை. சலவையகம், உணவகத்தின் சமையல் பகுதி ஆகியவை சாதாரண ஆபத்தில் முதல் பிரிவு. கடைகள் இரண்டாம் பிரிவு. கார் நிறுத்துமிடம் முதல் பிரிவில் இருந்தது, 2022 பதிப்பில் இரண்டாம் பிரிவுக்கு ஏற்றிவிட்டார்கள். இன்றைய கார்களில் பிளாஸ்டிக் அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம். ஆக நம் ஜவுளிக்கடையும் அதன் அடித்தளமும் ஒரே பிரிவில் வருகின்றன.

ஒரு எச்சரிக்கை. கடைக்காரரிடம் "ஸ்டாக் எங்கே வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். நேரில் போய்ப் பாருங்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு மேல்மாடி முழுக்கக் கூரையைத் தொடும் அளவுக்குத் துணி மூட்டை ஏறிவிடும். ஏறக்குறைய 3.7 மீட்டருக்கு மேல் அடுக்கினால் அந்த இடம் கடை என்ற கணக்கில் வராது, கிடங்கு என்ற கணக்கில் வரும். கிடங்குக்கான விதிகள் தனி, தண்ணீரும் பல மடங்கு.

சாதாரண ஆபத்து இரண்டாம் பிரிவுக்கு நிமிடத்துக்கு 8.1 மி.மீ. தண்ணீர், 139 சதுர மீட்டர் பரப்பில் கொட்ட வேண்டும். மழை அளவு மாதிரியே இதையும் மில்லிமீட்டரில் நினைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு 486 மி.மீ. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தாம்பரத்தில் ஒரு நாள் முழுக்கப் பெய்தது ஏறக்குறைய 490 மி.மீ. அந்த ஒரு நாள் மழையை ஒரு மணி நேரத்தில், ஒரு கல்யாண மண்டப மேடையைச் சுற்றிய இடத்தில் மட்டும் கொட்டுகிறோம். அதனால்தான் தீ அடங்குகிறது.

சினிமாவில் காட்டுவதுபோல் கட்டடம் முழுக்க எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் பீய்ச்சாது. எந்தத் தலையின் கண்ணாடிக் குமிழ் சூடேறி உடைகிறதோ அது மட்டும் திறக்கும். பொதுவாக நாம் பார்க்கும் சிவப்புக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் உடையும். 139 சதுர மீட்டர் என்பது, மோசமான நிலையில் இவ்வளவு பரப்பில் தலைகள் திறந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பு.

கடைசித் தலையில் கணக்கைத் தொடங்குங்கள்

பம்பிலிருந்து மிகத் தொலைவில், மிக உயரத்தில் இருக்கும் தலையை எடுங்கள். பலர் பம்பிலிருந்து தொடங்கிக் கீழிருந்து மேலே போகப் பார்க்கிறார்கள், பாதி வழியில் சிக்கிக்கொள்கிறார்கள். கணக்கு எப்போதும் தலையிலிருந்து தொட்டியை நோக்கித்தான் வர வேண்டும்.

இந்தப் பிரிவில் ஒரு தலை அதிகபட்சம் ஏறக்குறைய 12 சதுர மீட்டரைக் காக்கலாம். நம் கடையில் 3 மீட்டருக்கு 4 மீட்டர் இடைவெளியில் வைக்கிறோம். ஒரு தலைக்கு 12 சதுர மீட்டர். அப்படியானால்:

ஒரு தலையின் ஓட்டம் = 8.1 × 12 = நிமிடத்துக்கு 97.2 லிட்டர்.
தலைகளின் எண்ணிக்கை = 139 ÷ 12 = 11.6, அதாவது 12.

இப்போது அந்தத் தலைக்கு எவ்வளவு அழுத்தம் தேவை? ஒவ்வொரு தலைக்கும் கே என்று ஓர் எண் உண்டு. ஓட்டம் = கே × √அழுத்தம். லிட்டரிலும் பாரிலும் போட்டால் நம் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தலையின் கே 80. அதற்குப் பெரியது கே 115.

கே 80 வைத்தால் அழுத்தம் = (97.2 ÷ 80)² = 1.48 பார்.
கே 115 வைத்தால் அழுத்தம் = (97.2 ÷ 115)² = 0.71 பார்.

ஒரே தண்ணீர்தான், ஆனால் 0.77 பார் மிச்சம். ஏறக்குறைய இரண்டரை மாடி உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றும் அழுத்தம் அது. தலைக்கு நூறோ இருநூறோ கூடச் செலவழித்தால் பம்ப், மோட்டார், கேபிள் என்று பின்னால் எல்லாமே சிறிதாகின்றன. நான் கே 115 எடுக்கிறேன். எந்தத் தலையிலும் அழுத்தம் அரை பாருக்குக் கீழே போகக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த 12 தலைகள் எப்படிப்பட்ட வடிவத்தில் திறக்கும்? தலைகள் வரிசையாக மாட்டியிருக்கும் கிளைக்குழாயின் போக்கில் நீண்ட செவ்வகமாக எடுக்க வேண்டும். நீளம் 1.2 × √139, அதாவது 14.2 மீட்டர். கிளைக்குழாயில் தலைகள் 3 மீட்டருக்கு ஒன்று என்பதால் ஒரு கிளையில் 5 தலை. ஐந்து, ஐந்து, இரண்டு என்று மூன்று கிளைகளில் 12 வந்துவிடும்.

குழாயில் எவ்வளவு போய்விடுகிறது?

குழாய்ச் சுவரில் உராய்ந்து இழக்கும் அழுத்தத்துக்கு ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரம்:

ஒரு மீட்டருக்கு இழப்பு (பார்) = 6,05,000 × ஓட்டம்^1.85 ÷ (சி^1.85 × உள்விட்டம்^4.87)

ஓட்டம் நிமிடத்துக்கு லிட்டரில், உள்விட்டம் மில்லிமீட்டரில். சி என்பது குழாயின் வழவழப்பு: எப்போதும் தண்ணீர் நிரம்பியிருக்கும் ஈர அமைப்பில் இரும்புக் குழாய்க்கு 120, சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய்க்கு 150.

இந்தச் சூத்திரத்தில் கண்ணை உறுத்த வேண்டியது அந்த 4.87. கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள், ஆயுளுக்கும் மறக்காது. கடைசித் தலைக்கும் அதற்கு அடுத்ததற்கும் நடுவே 3 மீட்டர், 25 மி.மீ. சி கிளாஸ் (தடித்த சுவர்) குழாய், உள்விட்டம் 26 மி.மீ. அளவு. நிமிடத்துக்கு 97.2 லிட்டர் ஓடும்போது இழப்பு 0.16 பார். ஆகவே இரண்டாவது தலையில் அழுத்தம் 0.71 + 0.16 = 0.87 பார். அழுத்தம் கூடியதால் அந்தத் தலை நாம் கேட்ட 97.2 லிட்டரோடு நிற்காது, 107 லிட்டர் கொட்டும். இரண்டையும் சேர்த்தால் 204 லிட்டர், அடுத்த துண்டில் அவ்வளவும் ஓட வேண்டும்.

அந்த அடுத்த 3 மீட்டரையும் 25 மி.மீ. குழாயிலேயே போட்டால் இழப்பு 0.63 பார். 32 மி.மீ. குழாய்க்கு மாற்றினால் 0.16 பார். ஒரே ஒரு சைஸ் மாற்றத்தில் இழப்பு நான்கில் ஒரு பங்காகிவிட்டது. சைட்டில் 32 மி.மீ. தீர்ந்துபோய், "25-லேயே ஓட்டிடலாமா சார்?" என்று ஃபிட்டர் கேட்கும்போது உங்கள் மனதில் இந்த இரண்டு எண்களும் இருக்க வேண்டும்.

இப்படியே தலை தலையாக, கிளை கிளையாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வேலைக்கு மென்பொருள் இருக்கிறது, பயன்படுத்துங்கள். ஆனால் முதல் மூன்று கட்டடங்களுக்காவது ஒரு கிளையைக் கையால் போட்டு, மென்பொருள் தரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். தவறான உள்விட்டமோ விடுபட்ட எல்போவோ (குழாய் வளைவு) அப்போதுதான் பிடிபடும். அருகிலுள்ள தலைகள் கூடுதலாகக் கொட்டுவதால், 12 × 97.2 = 1,166 லிட்டர் என்ற ஆரம்பக் கணக்கு முடிவில் 1,300 லிட்டர் பக்கம் வந்து நிற்கும்.

மெயின் குழாயிலும் இதே பாடம். 1,300 லிட்டர் ஓடும்போது, ஃபிட்டிங்குகளுக்கான சமநீளத்தையும் (அவற்றின் இழப்பை நேர்க்குழாய் நீளமாக மாற்றியது) சேர்த்து 80 மீட்டர் என்று வைத்தால், 100 மி.மீ. குழாயில் இழப்பு 0.61 பார், 150 மி.மீ. குழாயில் 0.09 பார்.

எல்லாவற்றையும் கூட்டினால்

கடைசித் தலைக்கு 0.71, கிளைகளிலும் அவற்றை இணைக்கும் குறுக்குக் குழாயிலும் 1.2 என்று வைப்போம், 100 மி.மீ. மெயினில் 0.61, அலாரம் வால்வு போன்றவற்றில் 0.4, உயரத்துக்கு, மீட்டருக்கு 0.098 பார் வீதம், 20 × 0.098 = 1.96. மொத்தம் 4.88 பார். பத்து சதவீதம் கையிருப்பு வைத்தால் 5.4 பார்.

இந்தியக் கட்டடங்களில் பெரும்பாலும் இதே பம்ப்தான் ஹைட்ரண்டுக்கும், அதாவது தீயணைப்பு ஹோஸ் மாட்டும் வால்வுக்கும். தேசிய விதித்தொகுப்புப்படி மிகத் தொலைவிலுள்ள ஹைட்ரண்டில் 3.5 பார் இருக்க வேண்டும். 3.5 + 1.96 + குழாய் இழப்பு சுமார் 0.8 என்றால் 6.3 பார். ஸ்பிரிங்க்ளருக்கு 5.4 போதும் என்று நிம்மதியாக இருந்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பெரியதை எடுங்கள். நம் பம்ப் 7 பார், அதாவது 70 மீட்டர் ஹெட் (அழுத்தத்தைத் தண்ணீர் ஏறும் உயரமாகச் சொல்வது).

மேல்மாடிதான் எப்போதும் மோசமான இடம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு மாடியில் மட்டும் ஆபத்து வகை கூடினால், கீழே இருந்தாலும் அதுவே அதிகத் தண்ணீர் கேட்கும். குறைந்தது இரண்டு இடங்களுக்குத் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"மொட்டைமாடித் தொட்டியிலிருந்தே இறக்கிவிட்டால் என்ன, பம்ப் எதற்கு?" என்று கட்டட உரிமையாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் எண்ணில் இருக்கிறது. தொட்டியின் அடி, மேல்மாடித் தலையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.4 பார். ஒரு தலைக்கே 0.71 வேண்டும், குழாய் இழப்பு வேறு. மேல்மாடிதான் முதலில் பட்டினி கிடக்கும்.

தொட்டி எவ்வளவு பெரியது?

லண்டன், நியூயார்க் போன்ற ஊர்களில் தெருக்குழாயில் ஓட்டச் சோதனை செய்து, போதுமென்றால் அதிலிருந்தே ஸ்பிரிங்க்ளருக்கு இணைப்பு எடுப்பார்கள். நம் ஊரில் மெட்ரோ வாட்டர் வரும் நேரமும் வேகமும் எல்லோருக்கும் தெரிந்ததே. இங்கே கட்டடத்தின் சம்ப்தான் முழு ஆதாரம், அதில் இல்லாத ஒரு லிட்டர் வேறெங்கிருந்தும் வராது.

ஸ்பிரிங்க்ளருக்கு 1,300 லிட்டர். தீயணைப்பு வீரர்கள் ஹோஸ் பிடித்துப் பீய்ச்சுவதற்கு, இந்த ஆபத்து வகையில் நிமிடத்துக்கு 950 லிட்டர் சேர்க்க வேண்டும். மொத்தம் 2,250. எவ்வளவு நேரம்? 60 முதல் 90 நிமிடம். அலாரமும் வால்வுகளும் எந்நேரமும் ஆள் இருக்கும் கட்டுப்பாட்டு அறையின் கண்காணிப்பில் இருந்தால் மட்டுமே 60 நிமிடம் செல்லும்.

60 நிமிடத்துக்கு 1,35,000 லிட்டர்.
90 நிமிடத்துக்கு 2,02,500 லிட்டர்.

நம் கடையில் இரவு பூட்டிய பிறகு கட்டுப்பாட்டுப் பலகை முன் யாரும் உட்காருவதில்லை என்றால் நேர்மையாக 90-க்குப் போங்கள். ஆள் இருப்பார் என்று எழுத்தில் உறுதி வாங்கியதாக வைத்து 60-ஐ எடுக்கிறேன்.

இப்போது பலரும் கோட்டை விடும் இடம். 9 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். சரியாக 135 கன மீட்டர். வரைபடத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் உறிஞ்சுகுழாயின் வாய்க்குக் கீழே உள்ள தண்ணீரைப் பம்ப் எடுக்காது. அடியில் 300 மி.மீ. அப்படித் தங்கினால் 9 × 5 × 0.3 = 13.5 கன மீட்டர். பத்தில் ஒரு பங்கு தண்ணீர், ஆறு நிமிடத் தீயணைப்பு, வெறும் காட்சிக்கு. ஒன்று ஆழத்தை 3.3 மீட்டராக்குங்கள், அல்லது உறிஞ்சுகுழாய் இருக்கும் மூலையில் ஒரு குழி எடுத்து வாயை அதற்குள் இறக்குங்கள். வாய்க்கருகே சுழல் தடுப்புத் தட்டு வையுங்கள். தண்ணீர் இறங்க இறங்கச் சுழல் உண்டாகி, பம்புக்குள் காற்றை இழுத்துவிடும்.

தொட்டியை நடுச்சுவர் வைத்து இரண்டு அறைகளாகக் கட்டி, இணைப்பு வால்வு போடுங்கள். ஒன்றைக் கழுவும்போது இன்னொன்றில் தண்ணீர் இருக்கும்.

தொடக்கத்தில் சொன்ன பச்சை ஹோஸ் கதைக்குத் தீர்வும் இங்கேதான். மெட்ரோ வாட்டர், போர், லாரி எதுவானாலும் முதலில் தீயணைப்புத் தொட்டிக்குள் விழட்டும். அது நிரம்பி வழிகிற தண்ணீர்தான் வீட்டு உபயோகத் தொட்டிக்குப் போக வேண்டும். தேசிய விதித்தொகுப்பும் இதைத்தான் சொல்கிறது. தினமும் புதுத் தண்ணீர் வந்து போவதால் தீயணைப்புத் தண்ணீர் நாறாது, தட்டுப்பாடு வந்தால் முதலில் காலியாவது வீட்டுத் தொட்டி. வீட்டு மோட்டாரின் உறிஞ்சுகுழாய் ஒருபோதும் தீயணைப்புத் தொட்டிக்குள் இருக்கக்கூடாது. தாழ்மட்ட அலாரம் ஒன்றை வரவேற்பறையில் ஒலிக்கும்படி வையுங்கள். பம்ப் அறைக்குள் ஒலித்தால் யாருக்கும் கேட்காது.

தண்ணீரின் தரத்தையும் பாருங்கள். கடற்கரையோரச் சென்னையில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அது இரும்புக் குழாயின் உள்ளே புண்ணாக்கி, வழவழப்பைக் கெடுத்து, நீங்கள் போட்ட சி 120 கணக்கைப் பத்து வருடத்தில் பொய்யாக்கிவிடும். முடிந்தவரை நல்ல தண்ணீரால் குழாயை நிரப்புங்கள். நிரப்பியதைத் தேவையில்லாமல் வடித்து மறுபடி நிரப்பாதீர்கள், ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு ஆக்சிஜன் உள்ளே போய்த் துரு பிடிக்க வைக்கும்.

பம்ப்

நமக்கு வேண்டியது நிமிடத்துக்கு 2,250 லிட்டர், 70 மீட்டர். சந்தையில் 2,280 லிட்டர் பம்ப் வழக்கமான அளவு, அதையே எடுக்கலாம். ஒன்று மின்சார மோட்டார், அதே அளவில் இன்னொன்று டீசல் இன்ஜின், அப்புறம் சிறு கசிவால் இறங்கும் அழுத்தத்தை ஈடுகட்ட 180 லிட்டர் ஜாக்கி பம்ப்.

தீயணைப்பு பம்ப் வாங்கும்போது, எந்த ஓட்டத்தில் எவ்வளவு ஹெட் என்று காட்டும் அதன் வளைகோட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றரை மடங்கு ஓட்டத்தில், அதாவது 3,420 லிட்டரில், ஹெட் 65 சதவீதத்துக்குக் கீழே விழக்கூடாது. நம் பம்புக்கு அது 45.5 மீட்டர். வால்வை முழுக்க மூடிய நிலையில் 140 சதவீதத்துக்கு மேல் ஏறவும் கூடாது. விவசாய மோட்டார் பம்புக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து விற்பவர்களால், 2,280 லிட்டர் புள்ளியோடு சேர்த்து, இந்த மூன்று புள்ளிகளைக் காட்ட முடியாது.

சம்பின் தரைமட்டத்துக்கு இணையாகப் பம்ப் அறையை இறக்கி, தண்ணீர் தன் எடையாலேயே பம்புக்குள் வரும்படி செய்யுங்கள். பம்பைச் சம்பின் மேலே உட்காரவைத்தால் ஃபுட் வால்வையும் (உறிஞ்சுகுழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது) பிரைமிங் டேங்க்கையும் (பம்பைத் தண்ணீரால் நிரப்பி வைப்பது) நம்பி வாழ வேண்டியிருக்கும். ஃபுட் வால்வில் ஒரு துணிக்கந்தல் சிக்கினால் போதும், அன்றைக்குப் பம்ப் காற்றைத்தான் சுற்றும். அறைக்கு இடம் கேட்டுக் கட்டடக் கலைஞரிடம் சண்டை போட வேண்டியிருந்தால், போடுங்கள். நான் ஒவ்வொரு திட்டத்திலும் போடுகிறேன்.

உறிஞ்சுகுழாய் 200 மி.மீ. போடுங்கள். ஒன்றரை மடங்கு ஓட்டத்திலும் வேகம் நொடிக்கு 1.7 மீட்டரில் நிற்கும், 150 மி.மீ. போட்டால் 3 மீட்டரைத் தாண்டும். பம்ப் வாயில் சைஸைக் குறைக்கும் ரெட்யூசரின் தட்டைப் பக்கம் மேலே இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் மேலே காற்றுப்பை தங்கிவிடும்.

மின்சாரப் பம்புக்கான கேபிள், கட்டடத்தின் மெயின் ஸ்விட்சுக்கு முன்னாலேயே பிரிந்து வர வேண்டும். தீயணைப்பு வீரர்கள் வந்ததும் முதலில் செய்வது மின்சாரத்தைத் துண்டிப்பது. அதோடு பம்பும் நின்றுபோனால் எல்லாம் வீண்.

எது எப்போது ஓட வேண்டும்?

நம் பம்பின் மூடிய நிலை அழுத்தம் 8.4 பார் என்று வைப்போம். ஜாக்கி 8.4-இல் நிற்கட்டும், 7.7-இல் ஓடத் தொடங்கட்டும். மின்சாரப் பம்ப் 7.4-இல், அதுவும் கிளம்பாவிட்டால் டீசல் 6.7-இல். ஜாக்கி தானாக நிற்கலாம். பெரிய பம்புகளை ஒருவர் போய்க் கையால் நிறுத்தும்படிதான் அமைக்க வேண்டும். தீ எரியும்போது பிரஷர் ஸ்விட்ச் குழம்பிப் பம்பை நிறுத்திவிடக்கூடாது.

ஜாக்கி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது என்றால் எங்கோ கசிவு. பல இடங்களில் அந்தச் சத்தம் பிடிக்காமல் ஜாக்கியை ஆஃப் செய்து வைத்திருப்பார்கள். அப்புறம் அழுத்தம் இறங்கிப் பெரிய பம்ப் நடுராத்திரியில் கிளம்பும், அதையும் ஆஃப் செய்வார்கள். கசிவைத் தேடிப் பிடித்து அடையுங்கள்.

தெருப் பக்கம், லாரி நிற்க வசதியான இடத்தில், நான்கு 63 மி.மீ. வாய்கள் கொண்ட தீயணைப்பு இணைப்பைக் கொடுங்கள். உங்கள் இரண்டு பம்புகளும் கைவிட்டாலும் வெளியிலிருந்து தண்ணீர் தள்ள அதுதான் வழி. அதன் முன்னால் பூந்தொட்டியோ பைக் ஸ்டாண்டோ வராமல் பார்த்துக்கொள்ள ஆளைச் சொல்லி வையுங்கள்.

ஒப்படைக்கும் நாள்

குழாய்களை 13.8 பாரில் இரண்டு மணி நேரம் நிறுத்தி, முள் இறங்குகிறதா என்று பாருங்கள். அடுத்து, பம்பின் சோதனைக் குழாயில் ஃப்ளோ மீட்டர் வைத்து மூன்று புள்ளிகளையும் எடுங்கள்: மூடிய நிலை, 2,280 லிட்டர், 3,420 லிட்டர். கடைசியாக மேல்மாடிக்குப் போய், நீங்கள் கணக்கைத் தொடங்கிய அதே மூலையில் உள்ள சோதனை வால்வைத் திறங்கள். ஒரு தலை திறந்த அளவுக்குத் தண்ணீர் ஓடும். கீழே கட்டுப்பாட்டு அறையில் 90 நொடிக்குள் அலாரம் அடிக்க வேண்டும். பம்ப் தானாகக் கிளம்ப வேண்டும். இதை மின்சாரம் இருக்கும்போது ஒரு முறையும், மின்சாரப் பம்பின் இணைப்பைத் துண்டித்துவிட்டு டீசலுக்காக ஒரு முறையும் செய்யுங்கள்.

கிடைத்த எண்களைத் தேதியோடு ஒரு தகட்டில் எழுதிப் பம்ப் அறைச் சுவரில் மாட்டிவிடுங்கள்: தேவையான ஓட்டம், அழுத்தம், தொட்டியின் பயன்படும் கொள்ளளவு, பம்புகள் கிளம்பும் அழுத்தங்கள். சம்பின் உள்சுவரில், மூடியைத் திறந்ததும் டார்ச் வெளிச்சத்தில் தெரியும்படி, தண்ணீர் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு தடித்த சிவப்புக் கோடு போடுங்கள். அதன் பக்கத்தில் தமிழில் "இதற்குக் கீழே இறங்கினால் கட்டடத்தில் ஸ்பிரிங்க்ளர் இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள்.